ஆடமாட்டோம் என்று சொன்ன ஆண்டு

2020 ஆம் ஆண்டைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நோயைப் பற்றி, நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி, கைதட்டியதையும் விளக்கேற்றியதையும் பற்றி. நாங்களும் எழுதினோம். தை பிறந்து ஜனவரியும் முடியப் போகிறது, விட்டுப்போனது ஒன்று இருக்கிறது. கூடைப்பந்து.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். காஞ்சிபுரம் என்றால் கோயிலும் பட்டும் நினைவுக்கு வரும். ஏனாத்தூர் என்றால் பல்கலைக்கழகம். எங்கள் காலனியில் இருப்பது ஒரே ஒரு இரும்பு வளையம். வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பையன் மிச்சக் கம்பியை வளைத்துச் செய்தது. பலகைக்குப் பதில் பழைய கதவு. அதைத் தாங்குகிற கம்பம் சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் நடப்பட்டிருக்கிறது. மாலை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் அங்கேதான் ஓடுவார்கள். இந்த ஒற்றை வளையத்தை வைத்துக்கொண்டு உலகக் கூடைப்பந்தின் ஒரு வருடத்தைப் பேச இவர்கள் யார் என்று கேட்டால், அந்த வருடத்தை எங்களைப் போல் உற்றுப் பார்த்தவர்கள் இந்த மாவட்டத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள் என்பதுதான் பதில். எங்களுக்கு வேறு வேலை இல்லை. தறி நின்றுபோயிருந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் போன் இருந்தது.

ஏன் கபடி இல்லை, ஏன் கிரிக்கெட் இல்லை என்று கேட்கிறார்கள். கபடி எங்கள் ரத்தத்தில் இருக்கிற ஆட்டம்தான். ஆனால் ஊர்த் திருவிழாவில் கபடி நடந்தால் எந்தத் தெரு அணி எந்தத் தெரு அணியிடம் தோற்கலாம், தோற்கக்கூடாது என்று களத்துக்கு வெளியே ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை மீறி ஜெயித்த இரவுகளில் என்ன நடக்கும் என்று இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கூடைப்பந்தில் அந்த வம்பு இல்லை. அது யாருடைய குலதெய்வத்துக்கும் சொந்தமில்லை, யாருக்கும் முதல் மரியாதை கிடையாது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் மாணவர்களை உள்ளரங்கில் ஓடவைக்க ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கண்டுபிடித்தது. பீச் பழக் கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால் ஒவ்வொரு முறையும் ஒருவர் ஏணி போட்டு ஏறிப் பந்தை எடுக்கவேண்டியிருந்தது. ஏறியவர் துப்புரவுப் பணியாளர். எந்த நாடாக இருந்தாலும் ஏறுகிற ஆள் ஒருவர்தான் போலிருக்கிறது.

இடித்தால், பிடித்தால், தள்ளினால் தவறு என்பது நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் ஒன்று. எங்கள் பொடிசுகள் அதைச் சுருக்கி ‘தொட்டா ஃபவுல்’ என்று கத்துவார்கள். முதல் தடவை கேட்டபோது பெரியவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

1891 என்றதும் எங்களுக்கு வேறொரு காகிதமும் நினைவுக்கு வரும். அந்த அக்டோபரில்தான் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர், எங்கள் பாட்டன் பூட்டன்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். காஞ்சிபுரம் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யவேண்டும் என்று அவர் எழுதியதன் தொடர்ச்சியாக 1892 இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. அந்த நிலத்தைக் கேட்டு, காரணையில் அம்பேத்கர் சிலை வைத்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. ஒரு முழுக் கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் பத்தரை சென்ட். எங்களிடம் அதில் பாதிக்கும் பாதிகூட இல்லை. ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் போதும், நிலத்துக்கு நூற்றாண்டு ஆகிறது.

சரி, வருடத்துக்கு வருவோம். ஜனவரி 26 அன்று கோபி பிரையன்ட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவருடைய 13 வயது மகளும் மற்ற ஏழு பேரும் கூட. எங்களில் பாதிப் பேருக்கு அவரை அன்றுதான் தெரியும். மார்ச் 11 அன்று யூட்டா அணியின் ரூடி கோபேருக்குத் தொற்று உறுதியானதும் என்பிஏ மொத்தமும் நின்றது. இரண்டு நாள் கழித்து டக்காரில் தொடங்கவேண்டிய ஆப்பிரிக்க லீகைத் தள்ளிவைத்தார்கள். ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு பெரிய போட்டி, அது அந்த ஆண்டு பிறக்கவே இல்லை. தைவானில் ஆளில்லாத அரங்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 20 இல் சீனா திரும்பத் தொடங்கியது. ஐரோப்பாவின் யூரோலீக், இனி இந்த ஆண்டு ஆட்டமே இல்லை என்று அறிவித்தது மே 25 அன்று. அதே நாளில் மினியாபொலிஸ் தெருவில் ஒரு போலீஸ்காரர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எங்களை முதலில் பிடித்தது பெண்கள். டபிள்யூஎன்பிஏ வீராங்கனைகள் அந்த ஆண்டின் போட்டிகளையே, போலீஸ் வீடு புகுந்து சுட்டுக் கொன்ற பிரியானா டெய்லருக்கு அர்ப்பணித்தார்கள். அட்லாண்டா அணியின் உரிமையாளர்களில் ஒருவராக இருந்த கெல்லி லெஃப்ளர் அப்போது செனட்டர். கறுப்பர் உயிர் இயக்கத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்று லீகுக்குக் கடிதம் எழுதியவர். அவருடைய அணியே, அவரை எதிர்த்து நின்ற ரஃபேல் வார்னாக்குக்கு வாக்களியுங்கள் என்று எழுதிய சட்டையோடு களத்துக்கு வந்தது. முதலாளியின் சம்பளத்தை வாங்கிக்கொண்டே முதலாளிக்கு எதிராக ஓட்டுக் கேட்பது! இதை மாலை வகுப்பில் சொன்னபோது பெண்பிள்ளைகள் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்கள். மாயா மூரின் கதையை மூன்று முறை. ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தவர், 2019 இல் விலகி, செய்யாத குற்றத்துக்கு ஐம்பது வருடத் தண்டனை பெற்றிருந்த ஜொனாத்தன் அயர்ன்ஸ் என்ற கறுப்பினத்தவரை வெளியே கொண்டுவரப் பாடுபட்டார். 2020 ஜூலை 1 அன்று அவர் சிறையிலிருந்து நடந்து வந்தார், இருபத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு. அந்த வாரத்திலிருந்து எங்கள் வளையத்தடியில் பெண்பிள்ளைகளுக்கென்று தனி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வழக்கமாக ‘இருட்டிடிச்சி, உள்ள வா’ என்று கூப்பிடும் அம்மாக்கள் கொஞ்சம் தாமதமாகக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

பிறகு ஆகஸ்ட் 26. எங்களுக்கு அது 27 விடியற்காலை. மூன்று நாள் முன்பு விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில், பிள்ளைகள் காருக்குள் உட்கார்ந்திருக்க, ஜேக்கப் பிளேக்கை ஒரு போலீஸ்காரர் பின்னாலிருந்து ஏழு முறை சுட்டிருந்தார். அதே மாநிலத்து அணி மில்வாக்கி பக்ஸ். ஆர்லாண்டோ அணியோடு ஆடவேண்டிய நேரம் வந்தது. எதிரணி களத்தில் நிற்கிறது, நடுவர்கள் நிற்கிறார்கள், கடிகாரம் ஓடுகிறது. பக்ஸ் அறையை விட்டு வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலுக்குப் போன் போட்டுப் பேசினார்கள். வராத அணி தோற்றதாகக் கணக்கு வைக்கலாம், ஆர்லாண்டோ அந்த வெற்றி எங்களுக்கு வேண்டாம் என்றது. கடைசியில் வெளியே வந்து அறிக்கையைப் படித்த இருவரில் ஒருவர் ஸ்டெர்லிங் பிரவுன். 2018 இல் வண்டியைத் தப்பாக நிறுத்தினார் என்று தொடங்கி, மில்வாக்கி போலீஸ் தரையில் தள்ளி மின் அதிர்ச்சி கொடுத்தது அவருக்குத்தான். அந்த அணியின் பெரிய ஆட்டக்காரர் யானிஸ் ஆன்டெடோகும்போ, நைஜீரியாவிலிருந்து வந்த குடும்பத்தில் ஏதென்ஸில் பிறந்து, பதினெட்டு வயதுவரை எந்த நாட்டுக்கும் குடிமகனாக இல்லாமல், தெருவில் கண்ணாடியும் கடிகாரமும் விற்று வளர்ந்தவர். அண்ணனும் தம்பியும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டு ஆடினார்கள் என்பார்கள். எங்கள் வளையத்தடியில் நான்கு பேருக்கு ஒரு ஜோடி. அளவு பத்து. எட்டு அளவுக்காரன் துணி அடைத்துப் போட்டுக்கொள்வான்.

அன்று காலை போனைச் சுற்றி நாங்கள் நின்றதைப் பார்த்துத் தெருவின் மூத்தவர், எல்லோருக்கும் தாத்தா, என்ன என்று கேட்டார். சொன்னோம்.

“ஆடமாட்டேன்னு ரூமுக்குள்ளயே குந்திக்கினாங்களா?”

“ஆமா தாத்தா.”

“கூலிய புடிச்சிக்குவானே?”

“புடிக்கலாம். ஆனா அவங்களுக்குச் சங்கம் இருக்குது.”

“அப்ப சரி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்களுக்கு அதான் இல்ல” என்றார்.

அவர் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். ஊர் பெயர் வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெரிய வீட்டில் சாவு விழுந்தது. பறையடிக்க ஆள் வந்து கூப்பிட்டது. இவர்கள் ஏழெட்டுப் பேர், கூட்டம் போடவில்லை, துண்டறிக்கை அடிக்கவில்லை, வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். தாத்தாவின் வார்த்தையில் சொன்னால், ‘குந்திக்கினோம்’. பிணம் மேளமில்லாமல் போனது. மறுநாள் கழனியில் வேலை இல்லை. கடையில் தீப்பெட்டி இல்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போக வழி இல்லை. நாற்பது நாள் தாக்குப்பிடித்துவிட்டு, ஐந்து குடும்பங்கள் மூட்டையைக் கட்டின. அப்படித்தான் எங்கள் தெருவுக்கு வந்து, முன்பணம் வாங்கிக்கொண்டு, அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்யத் தொடங்கினார். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள அவருடைய மகனுக்குப் பள்ளிக்கூடம் போனது. இப்போது மேடையேறிப் பறை அடிக்கிற பிள்ளைகள் எங்களிடமும் இருக்கிறார்கள், விடுதலையின் இசை என்று நாங்களே அறிவிக்கிறோம். தாத்தா அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். அவரை யாரும் வெளியே கூப்பிடுவதில்லை.

மில்வாக்கியிலிருந்துதான் மறுப்பைக் கற்றோம் என்று யாரும் எழுதிவிடக்கூடாது என்பதற்காகவே இன்னொன்றையும் சொல்லவேண்டும். சரியாக நூறு வருடம் முன்பு, 1920 இல், பல்வங்கர் பாலு. தோல் தொழிலோடு கட்டிவைக்கப்பட்ட சாதியில் பிறந்து, 1911 இல் இங்கிலாந்து போய் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்த சுழற்பந்து வீச்சாளர். பூனா கிளப்பில் அவருக்குத் தேநீர் வெளியே, தூக்கி எறிகிற மண் குவளையில். இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்க எந்த ஆண்டும் மனம் வரவில்லை. 1920 இல் தலைவர் உடல்நலமில்லாமல் போனபோது பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்ததோடு பாலுவை அணியிலிருந்தும் நீக்கினார்கள். அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆடமாட்டோம் என்று விலகினார்கள். பேச்சு பெரிதாகி, பாலுவைத் துணைத் தலைவராக்கித் திரும்ப அழைக்கவேண்டி வந்தது. 1923 இல் விட்டல் தலைவரானார். கூடைப்பந்தில் இதன் பங்காளி 1961 இல் இருக்கிறது. கென்டக்கியின் லெக்சிங்டனில் ஹோட்டல் காபிக் கடையில் கறுப்பு ஆட்டக்காரர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். பில் ரஸ்ஸலும் தோழர்களும் அன்றைய ஆட்டத்தை ஆடாமல் விமானம் ஏறிவிட்டார்கள். மண் குவளை, காபிக் கோப்பை, நம்மூர் டீக்கடையின் இரண்டாவது டம்ளர். உலகம் முழுக்கச் சாதியும் நிறமும் குடிக்கிற பாத்திரத்தில் வந்துதான் உட்காருகின்றன.

நூறு வருடம் கழித்து நம் நாட்டில் என்ன? செப்டம்பர் 14 அன்று ஹாத்ரஸில் பத்தொன்பது வயதுத் தலித் பெண் தாக்கப்பட்டாள். 29 அன்று டெல்லியில் இறந்தாள். அன்றிரவே, பெற்றவர்களை வீட்டுக்குள் வைத்துவிட்டு, போலீஸ் உடலை எரித்தது. ஐபிஎல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒரு பந்துகூடத் தாமதமாக வீசப்படவில்லை. அக்டோபர் 25 அன்று ஹர்திக் பாண்டியா அரைசதம் அடித்துவிட்டு மண்டியிட்டார், அமெரிக்கக் கறுப்பர்களுக்காக. நல்லது, அதைக் குறை சொல்லமாட்டோம். மினியாபொலிஸ் தெரிந்த கண்ணுக்கு ஹாத்ரஸ் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த மாதம் தமிழ்நாடு அழுதது சென்னை அணி பிளேஆஃப் போகாததற்காக. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் வெளியானதும் அதே மாதம்தான். ஆகஸ்ட் 15 அன்று ஆத்துப்பாக்கத்தில் தலித் ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடாமல், பிறகு கலெக்டர் வந்து 20 ஆம் தேதி ஏற்றவைத்தார். பக்ஸ் அறைக்குள் உட்கார்ந்தது அதற்கு ஆறு நாள் கழித்து.

என்பிஏவைக் கொண்டாடவும் எங்களால் முடியாது. சட்டையின் முதுகில் எந்த முழக்கத்தை எழுதலாம் என்று அவர்களே பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். பட்டியலுக்கு வெளியே பெயரே இல்லாத சட்டை போட்டு வந்த ஜிம்மி பட்லரை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். 2019 இல் ஒரு நிர்வாகி ஹாங்காங்குக்காக ஒரு வரி எழுதியதற்குச் சீனத் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தியபோது பலருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்ஸ் கேட்டதும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 31 அன்று விஸ்கான்சின் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம் ஒரு நிமிடம்கூட நடக்காமல் ஒத்திவைக்கப்பட்டது. மூன்றாம் நாளே ஆட்டம் திரும்பத் தொடங்கியது, பக்ஸ் அடுத்த சுற்றில் தோற்றது, அக்டோபர் 11 அன்று லேக்கர்ஸ் கோப்பை வாங்கியது. 2021 ஜனவரி 5 அன்று, பிளேக்கைச் சுட்ட போலீஸ்காரர்மேல் வழக்கே இல்லை என்று அறிவித்தார்கள். அதே ஜனவரி 5 அன்றுதான் ஜார்ஜியாவில் வார்னாக் லெஃப்ளரைத் தோற்கடித்தார், அந்தப் பெண்களின் சட்டையில் இருந்த பெயர். இரண்டு செய்தியையும் ஒரே காலையில் படித்துவிட்டு, சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் மாலை வகுப்பைத் தொடங்கினோம்.

பொங்கல் முடிந்த ஞாயிறு நடந்ததைச் சொல்லவேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். பக்கத்து ஊர் ஒன்றில் கூடைப்பந்துப் போட்டி. சிமெண்ட் தளம், இரண்டு பக்கமும் வளையம், மின்விளக்கு. மூன்று மாதமாக விடியற்காலையில் எங்கள் பையன்களை அங்கே ஆடவிட்டிருந்தார்கள், நாங்களும் நன்றியோடு இருந்தோம். ஐந்து பேர் ஓர் அணியாகப் போனார்கள், முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்தார்கள். மதியச் சாப்பாட்டில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், எங்கள் ஐவருக்கு மட்டும் காகிதக் கப். ஏன் என்றதற்கு, ‘கொரோனா தம்பி, தப்பா நெனச்சிக்காத’ என்று பதில். சமூக இடைவெளி என்ற சொல்லை ஒரு வருடமாக ரேடியோவும் போனும் கற்றுக்கொடுத்ததில், தீண்டாமைக்கு நல்ல சட்டை கிடைத்துவிட்டது. பையன்கள் கப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்கள். அரையிறுதிக்குப் பெயர் கூப்பிட்டபோது அவர்கள் சைக்கிளில் பாதி வழி வந்துவிட்டார்கள். எதிரணி வெற்றியை வாங்கிக்கொண்டது.

அன்றிரவு எங்களுக்குள்ளேயே சண்டை. ஆடி, ஜெயித்து, கோப்பையை வாங்கிக்கொண்டு அந்த மேடையிலேயே கேட்டிருக்கவேண்டும் என்று பாதிப் பேர். ரயில்வேயிலும் வங்கியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போகவேண்டிய பையன்கள், நல்ல தளத்தில் பழகினால்தான் மாவட்ட அணிக்குப் போகமுடியும், அதைக் காகிதக் கப்புக்காக இழக்கலாமா என்று கேட்டவர் சாதாரண ஆளில்லை, ஐவரில் ஒருவனின் அம்மா. அவருக்கு நாங்கள் சரியான பதில் சொல்லவில்லை. 2021 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட சென்னையின் அனிதா பால்துரை, 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்கு ஆடியவர், தெற்கு ரயில்வேக்காரர். அந்த அம்மா செய்தித்தாளில் அவர் படத்தைக் காட்டி, “பாருங்க, வேலையும் கெடச்சிது, பேரும் கெடச்சிது” என்றார். மறுப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை மறுத்தவர்கள் மட்டும் கொடுப்பதில்லை, வீடு கொடுக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன் தறியில் உட்கார்ந்த அந்த மகன், இந்த ஐவரில் இன்னொருவனுக்கு அப்பா. அவர் ஒன்றுமே பேசவில்லை.

பையன்கள் எழுந்து வந்தது சரி என்பதுதான் எங்கள் கருத்து. தாத்தா எங்களோடு இருப்பார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு: “அஞ்சு பேர் மட்டும்தான் வந்தீங்களா? கூட ஆடுன பசங்க ஒருத்தனும் எந்திரிக்கலியா?” இல்லை என்றார்கள். ஆர்லாண்டோ அணி வெற்றியை வேண்டாம் என்றதை அவருக்கு நாங்கள்தான் சொல்லியிருந்தோம்.

இப்போது மறுபடி ஒற்றை வளையம். சிமெண்ட் தளத்தில் மூன்று மாதம் ஆடி வந்தவர்கள் அளந்து பார்த்ததில் எங்கள் வளையம் பத்தடிக்கு நான்கு விரல் குறைவாக இருப்பது தெரிந்தது. இத்தனை நாள் இங்கே ஈஸியாக விழுந்த பந்து அங்கே ஏன் விளிம்பில் பட்டுத் திரும்பியது என்பது இப்போதுதான் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கம்பத்தைப் பிடுங்கி, அடியில் துண்டு வைத்து வெல்டிங் செய்து மறுபடி நடப்போகிறோம். கூடத்துக்குப் பின்னால் இருக்கும் இடத்தை அளந்து தரச் சொல்லி எழுதிய மனு மூன்றாவது முறையாகப் போகிறது. வருகிறவர்கள் வரலாம். பழைய பந்து இருந்தால் கொண்டுவாருங்கள், பையன்களுக்கு 7 ஆம் எண், பெண்பிள்ளைகளுக்கு 6 ஆம் எண். ஷூ எந்த அளவானாலும் பரவாயில்லை.